சிறப்பிதழுக்குக் கட்டுரை அனுப்புவது: கேட்டவர்களுக்குப் பதில்

மண்டபம் கரையில் கடல்புல்லும் உமரியும்தான் என் வேலை. கட்டுரை எழுதுகிறேன், மற்றவர்கள் எழுதியதை வெளியிடுவதற்கு முன் படித்துக் குறை நிறை சொல்லும் ரிவ்யூவும் செய்கிறேன். தாவரவியல் ஜர்னல்கள் ஒரு தலைப்பைச் சொல்லி அதற்கென்றே கட்டுரை வாங்கி வெளியிடுகிற சிறப்பிதழ்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

தொண்டி, ஆராய்ச்சி மாணவி: அக்கா, "மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று ஒரு மெயில் வந்திருக்கிறது, சிறப்பிதழுக்குக் கட்டுரை கேட்கிறார்கள். நான் இன்னும் பிஎச்.டி.யே முடிக்கவில்லை. நம்பலாமா?

மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாதே. ஜர்னலின் தளத்தை நீயே தேடித் திற. அந்தச் சிறப்பிதழ் அங்கே இருக்கிறதா, கெஸ்ட் எடிட்டர்கள், அதாவது அந்த இதழுக்கு மட்டும் பொறுப்பேற்கும் ஆசிரியர்கள், கடல்புல் பக்கம் ஏதாவது எழுதியவர்களா, தரம் பார்த்து ஜர்னல்களைச் சேர்க்கும் வெப் ஆஃப் சயின்ஸ் பட்டியலில் அந்த ஜர்னல் இன்றைக்கும் இருக்கிறதா என்று பார். போன வருடம் இருந்தது என்று யாராவது சொன்னால் அது போதாது. 2023இல் மட்டும் ஹிண்டாவி பதிப்பகம் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது, பெரும்பாலானவை சிறப்பிதழ்களில் வந்தவை. அப்படி ஓர் இதழில் உன் நல்ல கட்டுரை போய் உட்கார்ந்தால் அதன் மேலும் சந்தேகம் விழும், மூன்று வருட உழைப்பு வீணாகிவிடும்.

பாம்பன், எம்.எஸ்சி. முடித்தவர்: கப்பாபைகஸ் பாசி வளர்ப்பில் எடுத்த டேட்டா இருக்கிறது. "உப்பு அழுத்தத்தில் தாவரங்கள்" என்ற சிறப்பிதழுக்குப் பொருந்துமா அக்கா? பாசி உப்புத் தண்ணீரில்தானே கிடக்கிறது?

தம்பி, உன் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கடலில் கிடக்கிற பாசிக்கு உப்பு இருப்பது கஷ்டமில்லை, உப்பு குறைவதுதான் கஷ்டம். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி, கரையோரத்தில் நல்ல தண்ணீர் கலக்கும்போது தெப்பத்தில் கட்டிய துண்டுகள் அங்கங்கே வெள்ளையாக வெளிறி, கையில் எடுத்தால் சரியாக அந்த இடத்திலேயே ஒடிந்து விழும், தெப்பம் போட்ட எல்லாரும் இதைப் பார்த்திருப்பார்கள். அந்த நாள்களில் நீ உப்பளவும் வெப்பமும் அளந்து வைத்திருந்தால் கட்டுரையின் உயிர் அங்கேதான், தாராளமாக அனுப்பு. எடை மட்டும்தான் எடுத்தேன் என்றால், ஜர்னல் ஆஃப் அப்ளைடு பைகாலஜி மாதிரி பாசிக்கென்றே உள்ள இடத்துக்கு வழக்கமான வழியில் போ. தலைப்பில் "உப்பு" என்று ஒரு சொல்லைச் செருகிப் பொருத்தப் பார்த்தால் ரிவ்யூவுக்கே போகாமல் எடிட்டர் மேசையிலிருந்து திரும்பி வந்துவிடும்.

எதற்கும் முதலில் 200 வார்த்தையில் சுருக்கம் எழுதி கெஸ்ட் எடிட்டருக்கு மெயில் போடு. தயங்காதே, கேட்பதற்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, கப்பாபைகஸ் நம் கடலில் பிறந்த பாசி இல்லை. மன்னார் வளைகுடாவில் அது பவளப்பாறைமேல் படர்ந்ததைப் பற்றி 2008இல் கரண்ட் சயின்ஸ் ஜர்னலில் கட்டுரை வந்திருக்கிறது. அதைத் தொடாமல் எழுதினால் ரிவ்யூவர் கட்டாயம் கேட்பார், நீயே எழுதிவிடு.

ராமேஸ்வரம், கல்லூரி ஆசிரியர்: கடைசித் தேதி என்று போட்டிருப்பது அனுப்புவதற்கா, ரிவ்யூ முடிவதற்கா மேடம்?

பெரும்பாலும் அனுப்புவதற்குத்தான் சார். இரண்டு வாரம் கூடுதலாகக் கேட்டால் பல எடிட்டர்கள் தருவார்கள், ஆனால் தேதி முடிவதற்கு முன்பே கேளுங்கள். அனுப்பும்போது எந்தச் சிறப்பிதழுக்கு என்று ஜர்னலின் தளம் ஓரிடத்தில் தேர்ந்தெடுக்கச் சொல்லும். காரங்காடு அலையாத்தி பற்றிய என் முதல் கட்டுரையில் அதைக் கவனிக்காமல் விட்டேன். கட்டுரை வழக்கமான வரிசைக்குப் போய்விட்டது, நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கவர் லெட்டரின் முதல் வரியிலும் சிறப்பிதழின் பெயரை எழுதிவிடுங்கள்.

கீழக்கரை, ஆராய்ச்சி மாணவர்: வெளியீட்டுக் கட்டணம் லட்சத்தைத் தாண்டுகிறது. என்ன செய்வது?

முழுக்க ஓப்பன் ஆக்சஸ், அதாவது யாரும் காசில்லாமல் படிக்கிற ஜர்னல் என்றால் அனுப்புவதற்கு முன்பே, கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு அல்ல, தள்ளுபடி கேளுங்கள். துறைத் தலைவரின் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள். கிடைக்கவில்லை என்றால் அக்வாட்டிக் பாட்டனி மாதிரி இரண்டு வழியும் உள்ள ஹைப்ரிட் ஜர்னலில், படிப்பவர்கள் பணம் கட்டுகிற சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்குக் கட்டணம் இல்லை. கடன் வாங்கிக் கட்ட வேண்டாம், இதை வேண்டிக் கேட்கிறேன்.

தேவிபட்டினம், ஆராய்ச்சி மாணவி: செடியை அடையாளம் கண்டதற்கு ரிவ்யூவர் ஆதாரம் கேட்கிறார். போட்டோ போதாதா?

போதாதும்மா. சைமோடோசியா என்ற கடல்புல்லில் செருலேட்டா இனமா ரொட்டுண்டேட்டா இனமா என்பதை இலை நுனியில் ரம்பப் பல் மாதிரி இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும், போட்டோவில் அது எங்கே தெரியும்? வேரும் கிடைத்தண்டும் அறாமல் எடுத்து, தட்டில் தண்ணீர் விட்டு மிதக்கவைத்து, அடியில் கெட்டித்தாளை நுழைத்து மெதுவாகத் தூக்கு. நியூஸ் பேப்பர் நடுவில் வைத்து அழுத்தி, பேப்பரைத் தினமும் மாற்று. சீட்டில் தேதி, இடம், ஆழம், ஜிபிஎஸ் எல்லாம் பென்சிலில் எழுது, பேனா மை ஈரத்தில் ஓடிவிடும். அப்புறம் உலர்த்திய செடிகளைச் சேர்த்துவைக்கும், கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் மாதிரி ஓர் இடத்தில் கொடுத்து, பதிவு எண் வாங்கிக் கட்டுரையில் போடு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி எடுத்தது என்றால் வனத்துறை அனுமதிக் கடிதத்தின் எண்ணும் வேண்டும். அது எடுப்பதற்கு முன்னால் வாங்க வேண்டியது.

முதுகுளத்தூர்: சீமைக்கருவேலத்துக்கு எந்த அறிவியல் பெயரை எழுத?

2022இல் அதை நெல்டுமா ஜூலிஃப்ளோரா என்று மாற்றிவிட்டார்கள். புதுப் பெயரை எழுதி, முதல் இடத்தில் மட்டும் புரோசோபிஸ் என்ற பழைய பெயரையும் காட்டுங்கள்.

சின்னப்பாலம், பாசி எடுக்கும் பெண் (மகள் எழுதித் தந்தது): மாதம் 12 நாள்தான் பாசிக்குப் போகிறோம். எந்தக் காலத்தில் மரிக்கொழுந்துப் பாசி நன்றாக வரும், எங்கே குறைந்துபோச்சு என்று ஒரு பிள்ளை வந்து எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனது. அந்தப் புத்தகத்தில் எங்கள் பேர் வருமா?

வர வேண்டும் அக்கா. முதலில் உங்களிடம் சம்மதம் கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும், பேர் போடலாமா வேண்டாமா என்பதும் நீங்கள் சொல்வதுதான். சொன்ன தகவலுக்கு நன்றிப் பகுதியில் ஊர்ப் பேரோடு உங்கள் பேர் வரும். நீங்கள் இடம் காட்டி, எதை அளக்க வேண்டும் என்று சொல்லி, எழுதியதைக் கேட்டுத் திருத்தியும் இருந்தால், எழுதியவர்கள் வரிசையிலேயே உங்கள் பேரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். படிப்பு இருக்கிறதா என்று எந்த ஜர்னலும் கேட்பதில்லை. உங்கள் ஊர் லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருது கிடைத்தது கடலில் அவர் செய்த வேலைக்குத்தான். அந்தப் பிள்ளையின் நம்பர் இருந்தால் மகளை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், நானே பேசுகிறேன். கட்டுரை வந்ததும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு சின்னப்பாலம் வந்து தமிழில் வாசித்துக் காட்டச் சொல்கிறேன்.