கை கழுவும் நேரத்து ஜெபம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நான் ஐசியூவில் நர்ஸாக இருக்கிறேன். வேலைக்கு நடுவிலும் ஆண்டவரோடு பேசலாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்து முயன்று பார்த்தேன். மருந்தின் அளவைச் சரிபார்க்கும்போது ஜெபத்தில் மனம் போனால் கை தவறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வேலையில் மனம் வைத்தாலோ, டூட்டி முடியும்வரை அவர் நினைவே வருவதில்லை. வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டால் தூக்கம் வருகிறது. ஞாயிறு ஆராதனையில் மட்டும்தான் அவரைக் காண முடியுமா?

ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு,

மருந்தின் அளவைப் பார்க்கும்போது அதை மட்டும் பாருங்கள். அந்த நிமிடத்தில் ஆண்டவர் உங்களிடம் கேட்பது அதைத்தான். கட்டிலில் கிடப்பவர்மேல் உங்களைவிட அவருக்கு அக்கறை அதிகம். “எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்” என்று கொலோசெயர் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் சொல்வது அடிமைகளிடம். தங்கள் நாள் தங்கள் கையில் இல்லாதவர்கள் அவர்கள். செய்கிற வேலையையே அவருக்கென்று செய்யச் சொன்னார். கவனமாகச் செய்த வேலை அவருக்குப் போய்ச் சேர்கிறது, அந்த நேரத்தில் உங்களுக்கு அவர் நினைவு வராவிட்டாலும்.

ஆனால் டூட்டி முழுவதும் மருந்து அளந்துகொண்டே இருப்பதில்லையே. ஒரு நோயாளியை விட்டு அடுத்தவரிடம் போகுமுன் கை கழுவுகிறீர்கள். சானிடைசர் என்றால் 20 நொடி, சோப்புப் போட்டால் 40 நொடிக்குக் குறையாது. விரலிடுக்குகளைத் தேய்க்கும் அந்த நேரத்தில் கைக்குத்தான் வேலை, மனம் சும்மா இருக்கிறது. அடுத்த கட்டிலில் இருப்பவரின் பெயரைச் சொல்லி, “ஆண்டவரே, இவர்மேல் இரங்கும், என் கையை நடத்தும்” என்று கேளுங்கள். அவ்வளவு போதும்.

இது குறைந்த ஜெபம் என்று நினைக்க வேண்டாம். வேதாகமத்தில் வரும் நெகேமியா ராஜாவுக்குப் பானபாத்திரக்காரன், அதாவது திராட்சரசம் பரிமாறுகிறவன். அவனும் டூட்டியில்தான் இருந்தான். “நீ கேட்கிற காரியம் என்ன” என்று ராஜா கேட்டதும், பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிவிட்டுப் பதில் சொன்னான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். ஆனால் நெகேமியா புத்தகத்தில் அதற்கு முந்தைய அதிகாரத்தையும் வாசியுங்கள். எருசலேமின் நிலையைக் கேள்விப்பட்டது கிஸ்லேவு மாதம், ராஜாவிடம் பேசியது நிசான் மாதம். நடுவில் சுமார் நான்கு மாதம். அழுது, உபவாசித்து ஜெபித்தவனுக்குத்தான் அந்த ஒரு மூச்சு ஜெபம் தானாக வந்தது. அதனால் தனி ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். டூட்டி முடிந்து வந்ததும் தூங்குங்கள், எழுந்தபின் முழங்கால் போடுங்கள்.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கர்மேல் மடத்துச் சமையற்கட்டில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸை நீங்கள் அறிந்திருக்கலாம். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் முழங்காலில் நிற்கும்போது இருக்கிற அதே அமைதியில் தேவனோடு இருந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அதைக் கேட்டு நம்மில் பலர் சோர்ந்துபோகிறோம். முதல் பத்து ஆண்டுகள் மிகவும் கஷ்டப்பட்டதாக அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார், அதை யாரும் சொல்வதில்லை. தேவனை மறந்துபோனதை உணர்ந்தால் அதை அவரிடமே ஒத்துக்கொண்டு திரும்பிவிடுவாராம். மறந்ததற்காகத் தன்னை வதைத்துக்கொண்டு இருந்ததில்லை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த வதைதான்.

ஒன்றும் ஜெபிக்க முடியாத இரவுகளும் வரும். அதற்கும் வழி உண்டு. எகிப்தில் லூசியஸ் என்றொரு துறவி இருந்தார். நாரை நனைத்துக் கயிறு திரித்துக்கொண்டே, “தேவனே, எனக்கு இரங்கும்” என்ற சங்கீதத்தைச் சொல்வார். கிடைக்கும் கூலியில் இரண்டு காசைக் கதவுக்கு வெளியே வைத்துவிடுவார். தான் தூங்கும்போது, அதை எடுத்துக்கொண்டவர் தனக்காக ஜெபிப்பார் என்பது அவருடைய நம்பிக்கை. நீங்களும் சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் உங்கள் நைட் டூட்டி நாட்களைச் சொல்லி, எனக்காக ஜெபியுங்கள் என்று இந்த வாரமே கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்