தினமும் ஆபீஸ் போகும் வழியில் காபி வாங்கி மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் போகிறது. 10,000 ரூபாய்க்குள் வீட்டுக்கு எந்த காபி மெஷின் வாங்கலாம்?

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் பாதி, "எவர்சில்வர் ஃபில்டர் 300 ரூபாய், மெஷின் எல்லாம் வெட்டிப் பந்தா" என்கிற ரகம். அதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஃபில்டர் போதும் என்று சொன்ன ஆண்களில் எத்தனை பேர் காலையில் ஐந்தரைக்கு எழுந்து, முந்தின நாள் சக்கையைத் தட்டிக் கொட்டி, அடைத்துக்கொண்ட ஓட்டைகளை அடுப்பு நெருப்பில் காட்டி அந்த ஃபில்டரைச் சுத்தம் செய்தவர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. (எல்லா ஆண்களையும் சொல்லவில்லை. தினமும் டிகாக்‌ஷன் போடும் ஆண்கள் இருக்கிறார்கள், என் தம்பியே அப்படித்தான். சண்டைக்கு வர வேண்டாம்.)

ஆபீஸ் போகும் வழியில் வாங்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் காபியே போடுவதில்லை என்று எழுதவில்லை. அதனால் நானாக ஒன்றை ஊகித்துக்கொள்கிறேன்: வீட்டில் காபி உண்டு, உங்கள் பங்குக்கு வருவது ரெண்டாம் டிகாக்‌ஷன்.

என் கதை அதுதான். வேளச்சேரியில் இருக்கிறோம். மாமா, அத்தை, என் வீட்டுக்காரர், நான். முதல் டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கியதும் மாமாவுக்கு ஒரு டம்ளர், அத்தைக்கு ஒரு டம்ளர். பேப்பர் வந்ததும் மாமாவுக்கு இன்னொரு அரை டம்ளர். இவர் எழுந்து வரும்போது அடியில் கொஞ்சம் நிற்கும், அது அவருக்கு. அதற்கப்புறம் அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி, சாயம் போன தண்ணீராக இறங்குமே, அதில்தான் எனக்குக் காபி. யாரும் என்னை அப்படிக் குடிக்கச் சொல்லவில்லை. "இன்னொரு தடவை புதுசா போட்டுக்கோயேன்" என்றுதான் அத்தை சொல்வார். எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள் மறுபடி தூள் போட்டு, அரை மணி நேரம் அது சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? கிண்டியில் இறங்கியதும் 50 ரூபாய்க்கு ஒரு நல்ல காபி. சாயங்காலம் டீம் ஆட்களோடு கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குப் போனால் 220 ரூபாய்க்கு ஒரு கப்புச்சினோ. மாதக் கடைசியில் போனில் கணக்கைப் பார்த்தால் வயிறு எரியும்.

அதனால் முதலில் நீங்கள் சொல்ல வேண்டியது, வெளியே வாங்கிக் குடிப்பது எந்தக் காபி என்பது. 50 ரூபாய் ஃபில்டர் காபிதான் என்றால் எஸ்பிரெஸ்ஸோ மெஷின் (வெந்நீரை அழுத்தத்தோடு தூளுக்குள் தள்ளிக் காபி இறக்குவது) வாங்காதீர்கள். அதிலிருந்து வருவது வேறு காபி, ரெண்டு வாரத்தில் சலித்துவிடும். நம்மூர் மிக்ஸி கம்பெனிகளே விற்கிற, கரண்டில் ஓடும் டிரிப் காபி மேக்கர் (வெந்நீரைத் தானே தூள்மேல் சொட்டவிடுவது) 2,000, 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும். அதைத் தயாரிப்பவர்கள் வெள்ளைக்காரர் மாதிரி கறுப்புக் காபி குடிக்கத்தான் அளவு போட்டிருப்பார்கள். நீங்கள் தூளைத் தாராளமாகப் போட்டு, தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். பத்து நிமிடத்துக்குள் கெட்டி டிகாக்‌ஷன் இறங்கிவிடும். பிளக்கைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போகலாம். இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கல்யாண ரிசப்ஷனில் ஸ்டீம் விட்டு, நுரைக்கு மேல் கோகோ பவுடர் தூவித் தருவார்களே, அதை எஸ்பிரெஸ்ஸோ என்று நினைத்துக் கேட்கிறீர்களா? அது இன்ஸ்டன்ட் தூள். ஒரு ஸ்பூன் தூளையும் சர்க்கரையையும் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு வெளுக்கும்வரை அடித்து, கொதிக்கும் பாலை உயரத்திலிருந்து ஊற்றினால் முடிந்தது. செலவு கைவலி மட்டும்.

கண்ணாடிக் கதவுக் கடைக் காபிதான் வேண்டும் என்பவர்களுக்குத்தான் மெஷின். 10,000 ரூபாய்க்குள் ரெண்டு ஜாதி இருக்கிறது. ரெண்டின் பெட்டியிலும் எஸ்பிரெஸ்ஸோ மேக்கர் என்றுதான் போட்டிருக்கும். ஒன்று ஸ்டீம் வகை. மூடிய சின்னத் தொட்டிக்குள் தண்ணீர் கொதித்து, அந்த ஆவியே தண்ணீரைத் தூளுக்குள் தள்ளும். பெட்டியில் 3.5 பார், 5 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) என்று எழுதியிருந்தால் அது இந்த வகை. விலை குறைவு. தண்ணீர் கொதிநிலையிலேயே தூளில் விழுவதால் கடைசியில் இறங்குவது கசக்கும். பாலும் சர்க்கரையும் போட்டுக் குடிக்கிற நமக்கு அந்தக் கசப்பு அவ்வளவாகத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதை வைத்திருப்பவர்கள் கோபிப்பார்கள். இதன் மூடியை மட்டும் பிரஷர் இறங்குவதற்குள் திறக்கக் கூடாது.

இன்னொன்று பம்ப் வகை. 15 பார், 20 பார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எஸ்பிரெஸ்ஸோவுக்குத் தூளின் மேல் வேண்டிய அழுத்தம் 9 பார்தான். பெட்டியில் இருப்பது அந்த பம்ப் அதிகபட்சம் எவ்வளவு தள்ளும் என்கிற கணக்கு. 20 பார் 15 பாரைவிட உசத்தி என்று விற்பனைப் பையன் சொன்னால் தலையாட்டிவிட்டு, தூள் போடும் கிண்ணத்தைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பார்த்தால் நிறைய ஓட்டை, திருப்பிப் பார்த்தால் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை என்றால் அது இரட்டைச் சுவர்க் கிண்ணம். அழுத்தத்தை அந்த ஒற்றை ஓட்டையே உண்டாக்கிக்கொள்ளும். கடையில் அரைத்த தூள் முன்னே பின்னே இருந்தாலும் நுரையோடு ஒரு காபி வந்துவிடும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓட்டை என்றால் ஒற்றைச் சுவர். அதற்குக் காபிக்கொட்டை அரைக்கும் நல்ல கிரைண்டர் வேண்டும், அந்த கிரைண்டருக்கு மெஷின் அளவுக்கே செலவாகும். எங்களைப் போன்றவர்களுக்கு இரட்டைச் சுவர்தான் சரி. காபி வெறியர்கள் இதைப் படித்துவிட்டு "அது நிஜமான எஸ்பிரெஸ்ஸோவே இல்லை" என்பார்கள். இருக்கட்டும். பட்ஜெட் 10,000 என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறது.

காப்ஸ்யூல் மெஷின் (தூளை அடைத்து விற்கும் சின்னக் குப்பியைப் போட்டுக் காபி இறக்குவது) வேண்டாம். ஒரு காப்ஸ்யூலில் இருப்பது 5, 6 கிராம் தூள். அதற்கு அவர்கள் கேட்கும் விலையைக் கிலோவுக்குப் பெருக்கிப் பார்த்தால் கடைக் காபியே தேவலை என்று தோன்றும்.

நான் வாங்கியது பம்ப் வகை, தீபாவளித் தள்ளுபடியில் 8,500 ரூபாய் சொச்சம். பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் "கம்பெனிக்காரி" என்று ஒருவர் கிளம்புவார்.

மெஷினைவிடப் பெரிய பாடு தூள் வாங்கியது. எங்கள் தெருமுனையில் வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை இருக்கிறது. "பிளான்டேஷன் ஏ அரை, பீபெரி கால், ரொபஸ்டா கால். சிக்கரி வேண்டாம்" என்றேன். (முதல் மூன்றும் காபிக்கொட்டை ரகங்கள்.) கடைக்காரர் தராசுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"சிக்கரி இல்லாம டிகாக்‌ஷன் நிக்காதும்மா."

"மெஷினுக்குங்க."

"எந்த மெஷினா இருந்தா என்னம்மா, ஒரு இருபது பர்சன்ட் போட்டுக்குங்க. பாலுக்குத் தாங்காது."

ஃபில்டர் விஷயத்தில் அவர் சொல்வது நியாயம்தான். சிக்கரிதான் டிகாக்‌ஷனுக்குக் கெட்டியும் நிறமும் தருகிறது, இறங்கும் வேகத்தையும் குறைக்கிறது. அதே குணம் பம்ப் மெஷினில் வினையாகும். பாக்கெட் தூள் வாங்குபவர்கள் பின்பக்கம் பாருங்கள், காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று போட்டிருக்க வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அப்படியென்றால் மீதி 49-ம் சிக்கரியாக இருந்தாலும் சட்டப்படி சரி.

வினை என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி உலர்த்திக்கொண்டிருந்த நேரத்தில் மாமா வீட்டு ஃபில்டர் தூளை அதில் போட்டு அமுக்கி, பொத்தானைத் தட்டியிருக்கிறார். மெஷின் தேய்ந்த மாவு கிரைண்டர் மாதிரி கத்துகிற சத்தம் மொட்டை மாடி வரை கேட்டது. ஓடி வந்து பார்த்தால் கீழே கப்பில் தார் மாதிரி நாலு சொட்டு. "என்னம்மா, உன் மெஷினுக்கு மலச்சிக்கலா?" என்று கேட்டுக்கொண்டே, நான் "மாமா, வேண்டாம்" என்பதற்குள் கைப்பிடியைத் திருப்பிவிட்டார். உள்ளே அடைபட்டிருந்த அழுத்தம் அத்தனை தூளையும் சுவர் ஓட்டில், மசாலா டப்பாக்கள் மேல், மாமாவின் வேட்டியில் என்று வாரி இறைத்தது. நல்லவேளை, கையில் சூடு படவில்லை. காபி இறங்காமல் நின்றுபோனால் மெஷினை அணைத்துவிட்டுச் சில நிமிடம் கழித்துத்தான் கைப்பிடியைத் தொட வேண்டும். இந்த ஒரு வரியை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது பால். மெஷினோடு வரும் ஸ்டீம் குழாயைப் பார்த்து மயங்காதீர்கள். கடைக்காரர்கள் கப்புச்சினோவுக்குப் பாலை 60, 65 டிகிரிக்குத்தான் சூடாக்குகிறார்கள், அதற்கு மேல் போனால் நுரையும் இனிப்பும் கெடும். கொதித்து இறக்கிய பாலில் குடித்தே வளர்ந்த நாக்குக்கு அது ஆறிப்போன காபி. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு "சூடு பண்ணித் தாயேன்" என்று டம்ளரை நீட்டினார். இந்த விலை மெஷினில் ஒரு டம்ளர் பாலுக்கு ஸ்டீம் கொடுத்து முடிப்பதற்குள் பொறுமையும் போய்விடும். நான் அடுப்பிலேயே பால் காய்ச்சி, மெஷினில் டபுள் ஷாட் (ரெண்டு பங்கு எஸ்பிரெஸ்ஸோ) இறக்கி, டபராவில் ஆற்றிக் குடிக்கிறேன். 6 சதவீதக் கொழுப்புள்ள ஃபுல் க்ரீம் பால் என்றால் சுகம். இத்தாலிக்காரர்கள் மன்னிக்கட்டும்.

மிச்சமாகுமா என்று கேட்டால், கணக்கு இதோ. நல்ல தூள் கிலோ 1,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. 1,100 என்று வைத்துக்கொண்டால் ஒரு டபுள் ஷாட்டுக்கு 15 கிராம், 16 ரூபாய் 50 காசு. பால் 150 மில்லி 10 ரூபாய். சர்க்கரை, கரண்ட் சேர்த்து 28 ரூபாய் என்று வையுங்கள். தினம் ரெண்டு என்றால் மாதம் 1,680. நீங்கள் சொல்லும் 3,000-ல் 1,300 சொச்சம்தான் மிச்சம். மெஷின் காசு திரும்ப ஆறு, ஏழு மாதம் ஆகும். அதுவும் மற்றவர்கள் பங்குக்கு வராமல் இருந்தால். எங்கள் வீட்டுக்காரர் முதல் வாரமே பங்குக்கு வந்துவிட்டார். ஆகவே "காசு மிச்சம் பிடிக்கத்தான் வாங்குகிறேன்" என்று வீட்டில் சொல்லி வாங்காதீர்கள், மூணாம் மாதம் கணக்குக் கேட்பார்கள். எனக்குக் கிடைத்தது முதல் டிகாக்‌ஷன். அதற்கு 8,500 கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால், நீங்கள் எத்தனை வருஷம் ரெண்டாம் டிகாக்‌ஷன் குடித்தீர்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

வாங்கும் முன் சமையலறையில் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். பம்ப் மெஷின்கள் பல 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். சிலவற்றில் பெரிய மூணு பின் பிளக்தான் வரும், சாதாரண 6 ஆம்ப் சாக்கெட்டில் நுழையாது. எங்கள் பில்டர் சமையலறை முழுவதற்கும் கொடுத்திருப்பது ஒரே ஒரு 16 ஆம்ப் பாயின்ட், அதுவும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால். பிரோஷரில் "மாடுலர் கிச்சனுக்கு ஏற்ற வசதி" என்று படம் போட்டிருந்தார்கள். படத்தில் ஓவன், மிக்ஸி, டிஷ்வாஷர் எல்லாம் வரிசையாக நிற்கும், ஒன்றுக்கும் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு பாயின்ட் இழுக்க 1,800 ரூபாய் ஆனது, அதையும் மெஷின் விலையில்தான் சேர்க்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீர் ஊற்றினால் சில மாதங்களில் உள்ளே உப்புப் படிந்து பம்ப் திணறும். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள். அப்படியும் ரெண்டு மாதத்துக்கு ஒரு முறை சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரை ஓடவிட்டு, பிறகு நல்ல தண்ணீர் ரெண்டு தொட்டி ஓடவிட வேண்டும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். கைப்பிடி மாட்டும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், முதலில் தேய்ந்து ஒழுகுவது அதுதான். வாங்குவதற்கு முன்பே அந்த வளையம் தனியாகக் கிடைக்குமா, உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் உண்டா என்று போன் போட்டுக் கேளுங்கள். போனையே எடுக்கவில்லை என்றால் அந்த கம்பெனி வேண்டாம். வாரன்டி முடியும்வரை அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் போட்டு வையுங்கள், சர்வீஸுக்கு அனுப்பும்போது அதே பெட்டியில் கட்டித் தரச் சொல்வார்கள்.