இகோமா மலைப் பூங்கா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏப்ரலில் குடும்பத்தோடு ஒசாகாவில் இருப்போம். எட்டு வயதுப் பையன், மூன்று வயதுப் பெண். பெரிய தீம் பார்க் கூட்டம் வேண்டாம். பழைய காலத்துச் சவாரிகள் உள்ள மலைப் பூங்கா ஏதாவது உண்டா? எப்படிப் போவது?

பதில்: இகோமா மலைக்குப் போய் வாருங்கள். ஒசாகாவுக்கும் நாராவுக்கும் எல்லையாக நிற்கும் 642 மீட்டர் மலை; உச்சியில் 1929-ல் திறந்த பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது, ஏறும் சவாரிக்கு மட்டும்தான் காசு.

ஒசாகா நம்பா நிலையத்தில் கின்டெட்சு நாரா பாதை ரயிலைப் பிடித்தால் ஏறக்குறைய 20 நிமிடத்தில் இகோமா. இது தனியார் ரயில் என்பதால் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே நிறுவனங்களின்) பாஸ் செல்லாது. சிறப்பு விரைவு வண்டியில் ஏறினால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள்; அதற்கு அவசியமே இல்லை. இகோமாவில் இறங்கி மேம்பாலம் வழியே நடந்தால் கேபிள் கார் (வடம் இழுக்க, தண்டவாளத்தில் மலையேறும் வண்டி) நிலையம். அதன் பெயர் இகோமா அல்ல, தொரீமாயே. பெயர்ப் பலகையைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

1918-ல் ஓடத் தொடங்கிய இதுதான் ஜப்பானின் முதல் கேபிள் கார் பாதை. பூனை, நாய் உருவப் பெட்டிகள் கீழ்ப்பாதியில் ஓடுகின்றன. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம் அங்கேயே தொடங்கிவிடும். நடுவில் ஹோசான்ஜி நிலையத்தில் வண்டி மாற வேண்டும். மேல்பாதியில் வண்டிகள் குறைவு. அதனால் மேலே இறங்கியதுமே திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடைமேடை முழுக்கப் படிக்கட்டு. மடக்க முடியாத தள்ளுவண்டி வேண்டாம்.

பலர் ஏமாறுவது தேதியில்தான். குளிர்காலத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள், ஆனால் கேபிள் கார் ஓடிக்கொண்டிருக்கும். வண்டி ஓடுவதை நம்பி ஏறிப் போனால் பூட்டிய வாசல்தான். வியாழனும் பொதுவாக விடுமுறை. ஏப்ரல் சரியான காலம். ஆனாலும் நகரத்தைவிட நாலு டிகிரி குறைவாக இருக்கும், ஸ்வெட்டர் அவசியம்.

கேள்வி: தவறவிடக் கூடாத சவாரி எது?

பதில்: விமானக் கோபுரம். பூங்கா திறந்த 1929 முதல் அதே இடத்தில் நிற்கிறது. ஜப்பானில் இன்றும் இயங்கும் பெரிய சவாரிகளில் இதுவே மிகப் பழையது. இரும்புக் கோபுரத்தின் நான்கு கைகளிலிருந்து கம்பி வடத்தில் நான்கு விமானங்கள் தொங்குகின்றன. மெதுவாக மேலே இழுத்துச் சுற்றும்போது ஒரு பக்கம் ஒசாகா சமவெளி, மறுபக்கம் நாரா. போர்க்காலத்தில் இரும்புக்காகப் பல இடங்களில் சவாரிகளைப் பிரித்தபோது, கண்காணிப்புக் கோபுரமாகப் பயன்பட்டதால் இது தப்பியது. காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள். ஆகவே போனவுடன் முதலில் இதில் ஏறிவிடுங்கள்.

மலையின் உச்சிப்புள்ளியைக் குறிக்கும் நில அளவைக் கல், குட்டி ரயில் சுற்றும் தண்டவாளத்துக்கு நடுவே இருக்கிறது. பையனிடம் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: பூங்காவின் சவாரிகளுக்குப் பாஸ் வாங்கலாமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: நுழைவாயில் பலகையில் உயர வரம்புகளைப் பார்த்துவிட்டுப் பாஸை முடிவு செய்யுங்கள். சிறு குழந்தை தனியே ஏற முடியாத சவாரியில் கூட ஏறும் பெரியவருக்கும் சீட்டு வேண்டும். அதையும் கணக்கில் சேருங்கள். பழைய விளையாட்டு இயந்திரங்களுக்கு 100 யென் நாணயங்கள் நிறைய வேண்டும். 2024-ல் வந்த புதிய நோட்டுகளைச் சில பழைய இயந்திரங்கள் ஏற்பதில்லை, கீழேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு மேலே உள்ள கடைகளை நம்ப வேண்டாம். உடோன் என்ற நூடுல்ஸின் சாற்றில் மீன் இருக்கும், சோற்றுக்கு ஊற்றும் ‘கரி’ குழம்பில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு. இகோமா நிலையத்தருகே வெறும் உப்புச் சோற்று உருண்டையும் பழங்களும் வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.