நவம்பரில் புலி, ஜனவரியில் பூனை?

வணக்கம் சார்,

ராச்செஸ்டருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்த ஊரில் இருந்துகொண்டு, அமெரிக்கக் கால்பந்து அணியான பஃபலோ பில்ஸ் மீது பைத்தியம் பிடிக்காமல் தப்பிக்க முடியாது. பக்கத்து வீடு, ஆபீஸ், பையனின் பள்ளிக்கூடம், எங்கும் அதே பேச்சு. 2025 ஜனவரி 26 அன்று கேன்சஸ் சிட்டி சீஃப்ஸிடம் 29–32 என்று தோற்றதிலிருந்து, என்னோடு வேலை பார்க்கும் சீஃப்ஸ் ரசிகர் ஒருவரிடம் தினமும் வாய்ச்சண்டை. உண்மையைச் சொன்னால் எனக்கே பில்ஸின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் அலுத்துவிட்டார். சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸுக்கு எதிராக, 2024 சீசன் வரை லீக் ஆட்டங்களில் ஐந்துக்கு நான்கு வெற்றி. ஜனவரியில் வரும் நாக்-அவுட் ஆட்டங்களான ப்ளே-ஆஃபில் நான்குக்கு நான்கும் தோல்வி. நவம்பரில் புலி, ஜனவரியில் பூனை. இவருக்குப் போய் சீசனின் சிறந்த வீரர் விருதான எம்விபி! பால்டிமோரின் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனுக்குக் கொடுத்திருக்கலாம். நீங்கள் பஃபலோவில் படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த வருடமாவது விடியுமா?

ஆர்., ராச்செஸ்டர், நியூயார்க்

*

அன்புள்ள ஆர்.,

இந்த விளையாட்டைப் பார்க்காத வாசகர்களுக்கு முதலில் இரண்டு வரி. அமெரிக்கக் கால்பந்தில் நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேறினால்தான் பந்து உங்களிடம் தங்கும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் வாங்கி, எறிவதா ஓடுவதா என்று முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். பந்து எதிரணியிடம் போனதும் அவர் வெளியே வந்துவிடுவார். தடுப்பதற்கு வேறு பதினொரு பேர் இறங்குவார்கள்.

இப்போது உங்கள் புலி, பூனைக்கு வருவோம். ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். சீஃப்ஸை வென்ற நான்கு லீக் ஆட்டங்களில் பில்ஸ் எடுத்த புள்ளிகள் 38, 24, 20, 30. கூட்டினால் 112. தோற்ற நான்கு ப்ளே-ஆஃப் ஆட்டங்களில் 24, 36, 24, 29. கூட்டினால் 113. பூனை ஒரு புள்ளி அதிகமாகவே எடுத்திருக்கிறது.

அதன் பக்கத்தில் சீஃப்ஸ் எடுத்ததை எழுதுங்கள். லீக்கில் 20, 20, 17, 21, மொத்தம் 78. ப்ளே-ஆஃபில் 38, 42, 27, 32, மொத்தம் 139. கூடுதலாகப் போன இந்த 61 புள்ளிகளும் விழுந்த நேரமெல்லாம் ஆலன் கோட்டுக்கு வெளியே ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். (மஹோம்ஸும் ஜனவரியில் இன்னும் நன்றாக ஆடுகிறார் என்பது உண்மை. அதற்கும் ஆலனையா அடிப்பது?)

2022 ஜனவரி ஆட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பந்து பிடிக்கும் கேப்ரியல் டேவிஸுக்கு மட்டும் நான்கு டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) எறிந்து, 36–33 என்று முன்னிலை வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார் ஆலன். மிச்சம் 13 விநாடி. எதிரணிக்குப் பந்தை உதைத்துக் கொடுக்கும்போது தரையோடு உருட்டியிருந்தால் அதிலேயே சில விநாடி கரைந்திருக்கும். பில்ஸ் அதை எல்லை தாண்டி உதைத்தார்கள்; கடிகாரம் அசையவே இல்லை. மஹோம்ஸ் இரண்டே எறிதலில் 44 யார்டு போனார். ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அடித்துச் சமன் செய்தார்கள். கூடுதல் நேரத்துக்கு நாணயம் சுண்டியபோது ஆலன் பூ கேட்டார், தலை விழுந்தது. முதலில் பந்து வாங்கியவர் டச் டவுன் அடித்தால் ஆட்டம் முடிந்தது என்பது அன்றைய விதி. ஆலன் கை பந்தில் படாமலே வீட்டுக்குப் போனார். 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பவுண்டரியை எண்ணிக் கோப்பை கொடுத்துவிட்டுப் பிறகு அந்த விதியைத் தூக்கிய மாதிரி, இரண்டே மாதத்தில் ப்ளே-ஆஃபுக்கு மட்டும் இதையும் மாற்றினார்கள்.

இந்த ஜனவரியில் நீங்கள் தோற்ற ஆட்டத்தில் பில்ஸின் கடைசிப் பந்தை நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான்காவது முயற்சி, ஐந்து யார்டு தேவை. சீஃப்ஸின் தடுப்புப் பயிற்சியாளர் ஸ்பாக்னுவோலோ ஆலனை நெருக்கக் கூடுதல் ஆட்களை அள்ளிவிட்டார். ஆலன் முகத்துக்கு நேரே ஒருவர் வந்துவிட்டார். பின்னால் சரிந்துகொண்டே, காலை ஊன்றக்கூட நேரமில்லாமல் பந்தை உயரமாக விட்டெறிகிறார். அது அத்தனை தூரம் போனதே அதிசயம். பில்ஸின் கின்கெய்ட் விழுந்து கை நீட்டுகிறார், பந்து நழுவுகிறது. இதில் கை நடுக்கம் எங்கே இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நான்காம் கால் பகுதியில் 22–21 என்று முன்னிலையில் இருந்தபோது, ஒரு யார்டுக்காக ஆலனே பந்தோடு முட்டிப் பார்த்தது வேலைக்கு ஆகவில்லை. நூலிழைதான், நடுவர்கள் வீடியோ பார்த்தும் மாற்றவில்லை. அன்றிரவு அதே முட்டலைப் பலமுறை முயன்றார்கள். எதிரணி சுதாரித்த பிறகும் அதையே செய்வது பிடிவாதம். அதில் ஆலனுக்கும் பங்கு உண்டு, திட்டம் போட்டவர்களுக்குக் கூடுதல் பங்கு.

உங்கள் நண்பரிடம் பிப்ரவரி 9 சூப்பர் பவுல் இறுதியாட்டத்தை நினைவுபடுத்துங்கள். அதே மஹோம்ஸ், இரண்டே வாரம் கழித்து. அவருக்குக் காவலாக முன்னால் நிற்கும் வரிசை பிய்ந்துபோனது, பிலடெல்பியா அவரை ஆறு முறை சாய்த்தது, ஒரு கட்டத்தில் 34–0. முடிவில் 40–22. அதற்காக அவர் பூனை ஆகிவிட்டாரா? இதே சீசனில் சின்சினாட்டியின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ லீக்கிலேயே அதிகமாக 4,918 யார்டும் 43 டச் டவுனும் எறிந்தார். அணிக்கு 9 வெற்றி, 8 தோல்வி; ப்ளே-ஆஃபுக்கே போகவில்லை.

லமார் விஷயத்தில் வாதாட ஒன்றுமில்லை. 41 டச் டவுன் எறிந்தார், எதிரணி இடைமறித்தது 4 மட்டுமே. அவருக்குக் கொடுத்திருந்தாலும் நான் கைதட்டியிருப்பேன். ஆனால் ஜனவரித் தோல்வி அளவுகோல் என்றால் அவரும் தேறமாட்டார். பில்ஸிடம் 25–27 என்று தோற்றபோது சமன் செய்திருக்கக்கூடிய அந்த இரண்டு புள்ளிப் பந்து அவர் அணியின் ஆண்ட்ரூஸ் கையிலிருந்துதான் நழுவியது.

அடுத்த வருடம்? நாலு பேரால் மஹோம்ஸை நெருக்க முடிந்தால் விடியும். பிலடெல்பியா அப்படித்தான் செய்தது, கூடுதல் ஆள் அனுப்பாமலே. இன்னொரு குவார்ட்டர்பேக் தேடினால் விடியாது. சொல்லப்போனால் மஹோம்ஸையே எடுத்திருக்கலாம். அணிகள் வரிசையாகப் புதிய வீரர்களை எடுக்கும் 2017 தேர்வில் பத்தாவது இடம் பில்ஸ் கையில்தான் இருந்தது, அதைச் சீஃப்ஸுக்கு வேறு இடங்களுக்காக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இதை ஆபீஸில் சொல்ல வேண்டாம்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் பஃபலோவில் குடியிருந்த வீட்டுக்காரர், லாக்கவானா எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். 1991 சூப்பர் பவுலில் பில்ஸின் நார்வுட் உதைத்த 47 யார்டு பந்து வலப்பக்கம் விலகி, நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 19–20 என்று தோற்ற கதையை மாதம் ஒருமுறையாவது சொல்வார். நார்வுட்டையோ குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லியையோ அவர் திட்டிக் கேட்டதில்லை. "அறுபது நிமிஷத்தில் நாற்பது நிமிஷம் பந்து நியூயார்க்காரன் கையில். கெல்லி என்ன செய்வான், பெஞ்சைத் தூக்கி எறிவானா?" என்பார். மறுநாள் நயாகரா சதுக்கத்தில் அணியை வரவேற்கக் கூடிய கூட்டம் "எங்களுக்கு ஸ்காட் வேண்டும்" என்று கத்தியே ஸ்காட் நார்வுட்டை மேடையில் முன்னால் வர வைத்தது. அந்தக் கூட்டத்தில் இவரும் நின்றிருந்தார். தொண்டை கட்டிக்கொண்டு மூன்று நாள் மனைவியிடம் சைகையில் பேசினாராம்.

அன்புடன்.