ஜிபிஏ 3.0-தான் இருக்கிறது; அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு என் மகள் இன்னும் முயற்சி செய்யலாமா?

நீங்கள் கேட்டது இது: மகள் அமெரிக்காவில் ப்ரீ-மெட் (மருத்துவக் கல்லூரிக்கு முன்னான இளநிலைப் படிப்பு) படிக்கிறாள், மூன்றாம் ஆண்டு முடிகிறது, ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.0, ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் டி கிரேடு. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் நல்ல ஸ்கோர் எடுத்து இந்த மே மாதமே விண்ணப்பித்துவிடலாமா, இல்லை ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

இரண்டுமே வேண்டாம். விண்ணப்பத்தைத் தள்ளிப் போடுங்கள், ஆசையை விட வேண்டாம். நான் அங்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ப்ரீ-மெட் மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள் என் அறைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களில் மருத்துவரானவர்கள் உண்டு. அவசரப்பட்டு விண்ணப்பித்துக் கதவுகளைத் தாங்களே சாத்திக்கொண்டவர்களும் உண்டு.

முதலில் கணக்கு. மூன்று வருடத்தில் 90 கிரெடிட், சராசரி 3.0 என்றால் கையில் இருப்பது 270 புள்ளி. நான்காம் ஆண்டில் 30 கிரெடிட் எடுத்து அத்தனையிலும் ஏ (கிரெடிட்டுக்கு 4 புள்ளி) வாங்கினால் 390-ஐ 120-ஆல் வகுக்க வேண்டும்: 3.25. பட்டம் முடித்த பிறகு இன்னொரு 30 கிரெடிட், அதிலும் எல்லாம் ஏ என்றால் 3.4. அதற்கு மேல் ஏறாது. எம்டி (அங்கே மருத்துவருக்கான அடிப்படைப் பட்டமே இதுதான்) கல்லூரிகளில் சேருகிறவர்களின் சராசரி 3.8-ஐ ஒட்டி இருக்கிறது. டிஓ எனப்படும் ஆஸ்டியோபதி கல்லூரிகளில் 3.6 பக்கம். டிஓ படித்தவர்களும் அங்கே முழு மருத்துவர்கள்தான், அந்த வழியைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

டி வாங்கிய பாடத்தைத் திரும்பப் படித்து ஏ வாங்கினால் டி அழிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த மதிப்பெண் பட்டியலில் அப்படி நடக்கலாம். ஆனால் எம்டி கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவையான ஆம்காஸ் தானே புதிதாகக் கணக்குப் போடும், அதில் இரண்டு முறையும் சேரும். 4 கிரெடிட் டி (1 புள்ளி), 4 கிரெடிட் ஏ இரண்டும் சேர்ந்தால் 2.5. டிஓ பக்கம் முன்பு பழைய கிரேடை நீக்கிப் பார்த்தார்கள், அந்த வசதியும் 2017-இல் போய்விட்டது. பழைய பதில்களைப் படித்துவிட்டு இன்னும் அதை நம்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் ஆர்கானிக்கை அவள் மறுபடி எடுக்கத்தான் வேண்டும். பல கல்லூரிகள் தேவைப்படும் பாடங்களில் குறைந்தது சி எதிர்பார்க்கின்றன, அதோடு பயோகெமிஸ்ட்ரிக்கு அதுதான் அடித்தளம்.

அப்படியானால் எங்கேதான் வழி? ஆம்காஸ் கல்லூரிகளுக்கு அனுப்பும் தாளில் ஒரே ஒரு எண் மட்டும் இருக்காது. முதலாண்டு, இரண்டாமாண்டு என்று ஆண்டுக்கு ஒரு வரி இருக்கும். ஒவ்வொரு வரியிலும் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் சேர்ந்த அறிவியல் ஜிபிஏ ஒரு கட்டத்தில், மற்ற பாடங்கள் இன்னொரு கட்டத்தில். பட்டத்துக்குப் பிறகு படித்த இளநிலைப் பாடங்களுக்குத் தனி வரி உண்டு. மொத்தம் 3.4-தான், ஆனால் நான்காம் ஆண்டு வரியில் 3.9, அடுத்த வரியில் 4.0, இரண்டும் ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, செல் பயாலஜி, ஜெனட்டிக்ஸ் மாதிரியான கனமான பாடங்களில் என்றால், பார்க்கிறவர் நின்று பார்ப்பார். இப்போது உட்கார்ந்து படிக்கிற பெண் வேறு என்று அந்த இரண்டு வரிகள் சொல்லிவிடும். அவற்றைச் சம்பாதிக்கத்தான் காலம் வேண்டும் என்கிறேன்.

ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, என் அனுபவத்தில் குடும்பங்கள் தாண்டிப் போவது அதைத்தான். அந்த 3.0 ஏன் வந்தது? "கவனமில்லை", "போனை வைத்துக்கொண்டே இருந்தாள்" என்பதெல்லாம் காரணம் ஆகாது. ஒரு பையன் ஆர்கானிக்கில் சறுக்கிவிட்டு வந்தான். நோட்டைக் காட்டினான், நாலு கலர் பேனாவில் அத்தனை அழகாக எல்லா ரியாக்‌ஷனும் எழுதியிருந்தான். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, மூன்று கார்பன்கள் ஒட்டியிருக்கிற கார்பனில் எஸ்என்2 என்ற ரியாக்‌ஷன் ஏன் நடக்காது என்று அம்புக்குறி போட்டு விளக்கச் சொன்னேன். முதல் அம்பைப் போட்டான், அதோடு நின்றுவிட்டான். படித்ததையே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான், எதையும் மூடி வைத்துத் தானாக எழுதிப் பார்த்ததே இல்லை. பள்ளியில் அது போதுமாக இருந்தது. அதன் பிறகு வாரா வாரம் பேராசிரியர் சந்தேகம் கேட்க ஒதுக்கும் நேரத்துக்கு வெள்ளைத் தாளோடு போக ஆரம்பித்தான். மாறியது அங்கேதான், புத்திசாலித்தனத்தில் அவனுக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

இன்னொருவருக்குக் காரணம் இரவு வேலையாக இருக்கும். இன்னொருவருக்கு மன அழுத்தம், அல்லது அதுவரை யாரும் கண்டுபிடிக்காத ஏடிஎச்டி எனும் கவனக்குறைபாடு. இவற்றுக்கு மருத்துவரைப் பார்ப்பதில் எந்த அவமானமும் இல்லை, தயவுசெய்து மகளிடம் இதை நேராகக் கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். காரணம் அப்படியே இருக்கும்போது அடுத்த செமஸ்டரில் ஐந்து அறிவியல் பாடங்களைத் தலையில் ஏற்றினால், இன்னும் இரண்டு சி-தான் வரும். முதல் செமஸ்டரில் லேபோடு இரண்டு அறிவியல் பாடம் போதும். அதில் ஏ வந்த பிறகு மூன்றாக்கலாம். ஒரு பாடம் கையை மீறிப் போனால் கடைசித் தேதிக்குள் டபிள்யூ (பாடத்திலிருந்து விலகியதற்கான குறி) போட்டு விலகலாம். அது பட்டியலில் தெரியும், ஜிபிஏயில் சேராது. ஒன்று பரவாயில்லை, வழக்கமானால் கேள்வி எழும்.

எம்கேட் பற்றிக் கேட்டீர்கள். 472-இல் தொடங்கி 528 வரை போகிற தேர்வு, எம்டி கல்லூரிகளில் சேருகிறவர்களின் சராசரி 511, 512 பக்கம். நல்ல ஸ்கோர் நிச்சயம் உதவும். ஆனால் ஜிபிஏ 3.0 வைத்துக்கொண்டு 515 எடுத்தால், இவ்வளவு திறமை இருந்தும் வகுப்பில் ஏன் வரவில்லை என்றுதான் கேட்பார்கள். மேலே சொன்ன அந்த ஆண்டு வரிகள் சரியான பிறகு வந்தால்தான் அந்த எண்ணுக்கு முழு மதிப்பு. வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதலாம், எழுதிய ஸ்கோரெல்லாம் கல்லூரிகளுக்குத் தெரியும். "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டுமே" என்பது இந்தத் தேர்வுக்குப் பொருந்தாது.

எஸ்எம்பி என்று ஒரு வருட முதுநிலைப் படிப்புகள் உண்டு, மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடங்களையே வைத்து நடத்துவார்கள். செலவு அதிகம். அந்த மதிப்பெண் முதுநிலை வரியில் தனியாக நிற்கும், இளநிலை ஜிபிஏயை ஒரு புள்ளிகூட ஏற்றாது. அதில் பி பி-யாக வந்துவிட்டால் மீண்டு வருவது மிகக் கடினம். அதனால் அது கடைசியில் எடுக்க வேண்டிய ஆயுதம். கரீபியன் தீவுகளில் உள்ள மருத்துவக் கல்லூரிகள் உடனே இடம் கொடுக்கும். ஆனால் 2024 மேட்சில் (ரெசிடென்சி எனும் மருத்துவமனைப் பயிற்சிக்கு இடம் ஒதுக்கும் முறை) வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் முதலாண்டு ரெசிடென்சி கிடைத்தது சுமார் 67 சதவீதம் பேருக்கு, அமெரிக்க எம்டி கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களுக்கு 93 சதவீதத்துக்கு மேல். பாதியிலேயே நின்றுபோனவர்கள் இந்த 67-இன் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஒரு வருடத்தை மிச்சப்படுத்த அங்கே அனுப்பாதீர்கள்.

"வயசு ஆகிக்கொண்டே போகிறதே" என்று எல்லாப் பெற்றோரும் சொல்கிறார்கள். அங்கே மருத்துவக் கல்லூரியில் சேருகிறவர்களில் பட்டம் முடித்த கையோடு வருகிறவர்கள் குறைவு. இடையில் ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வருவது சர்வ சாதாரணம். 24 வயதில் உள்ளே போகும் பெண்ணை யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை. ஊரில் உறவுக்காரர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அந்தச் சுமையை அவள் மேல் இறக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம்: அவள் எந்த விசாவில் இருக்கிறாள்? குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 என்றால் 21 வயதில் அது முடிந்து, பெரும்பாலும் மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறியிருப்பாள். எஃப்-1-இல் பட்டத்துக்குப் பிறகு இஷ்டப்படி இரண்டு பாடம் மட்டும் எடுத்துப் படிக்க முடியாது, முழுநேரப் படிப்பில் சேர்ந்தாக வேண்டும். அதோடு, பெரும்பாலான எம்டி கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களை எடுப்பதில்லை, எடுப்பவற்றில் சில, பல வருடக் கட்டணத்தை முன்கூட்டியே ஒரு கணக்கில் போடச் சொல்கின்றன. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் எம்எஸ்ஏஆர் தளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் விதியும் இருக்கிறது, பாடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள். விசா, மாநிலம், இதுவரை எடுத்த அறிவியல் பாடங்கள் மூன்றையும் எழுதினால், நான்காம் ஆண்டுக்கு எதை முதலில் எடுக்கலாம் என்று சொல்கிறேன்.