எஃப்.டி.யை உடைத்து பழைய இசைத்தட்டுகள் வாங்கிப் போடலாமா?

கேள்வி: வயது 47. திருச்சியில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். அப்பா வாங்கிய ரெக்கார்ட் பிளேயரைச் சரிசெய்து பாட்டு கேட்டுவருகிறேன். ஆன்லைனில் ஒருவர் 120 எல்.பி. (பல பாடல்கள் கொண்ட பெரிய தட்டு) இசைத்தட்டுகளையும் 200 பழைய சினிமா பாட்டுப் புத்தகங்களையும் ஒரே லாட்டாக 2,40,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். அதில் சில தட்டுகளுக்கு வெளிநாட்டுத் தளங்களில் 8,000, 9,000 ரூபாய் விலை போட்டிருக்கிறது. மகள் இன்னும் மூன்று வருடத்தில் கல்லூரி சேருவாள். அதற்காகப் போட்ட எஃப்.டி.யை எடுத்து இதை வாங்கினால் அதற்குள் இரட்டிப்பாகும் என்று தோன்றுகிறது. பாடல்களை யூடியூபில் ஏற்றியும் வருமானம் பார்க்கலாமா?

பதில்: எஃப்.டி.யைத் தொடாதீர்கள். தட்டு வாங்கும் ஆசையையும் விடாதீர்கள். மகளின் படிப்புப் பணமும் உங்கள் பாட்டு ஆசையும் ஒரே பையில் இருப்பதுதான் சிக்கல். அதைப் பிரித்துவிட்டால் மீதி சுலபம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2,40,000 ரூபாய் 7 சதவீத வட்டியில் மூன்று வருடம் கிடந்தால், காலாண்டுக்கு ஒருமுறை வட்டி சேர்ந்து சுமார் 2,95,500 ஆகும். இது வரிக்கு முந்தைய தொகை. உங்கள் வங்கியின் வட்டி கொஞ்சம் முன்பின் இருக்கலாம். இடையில் உடைத்தால் அபராதமாக வட்டியில் கொஞ்சம் குறைப்பார்கள். சரி, லாட்டை வாங்குகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாம் வருடம் அதே 2,95,500 கைக்கு வர வேண்டும். ஆன்லைனில் விற்கும்போது தளத்தின் கமிஷன், பணம் பெறும் கட்டணம், அட்டைப்பெட்டி, கூரியர், வழியில் உடைந்ததற்குத் திருப்பித் தரும் பணம் என்று 15 சதவீதமாவது போகும். அப்படியென்றால் கிட்டத்தட்ட 3,48,000 ரூபாய்க்கு விற்றால்தான் எஃப்.டி.க்கு ஈடாகும். அதுவும் 320 உருப்படியும் விற்றுத் தீர்ந்தால்தான். இப்படிப்பட்ட லாட்டுகளில் பத்து, பதினைந்து தட்டுகள் சீக்கிரம் போய்விடும். மீதி வருடக்கணக்கில் அலமாரியில் நிற்கும். கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு கடைசித் தேதி உண்டு.

நீங்கள் பார்த்த 8,000, 9,000 என்பது விற்பவர் கேட்கும் விலை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். இசைத்தட்டு வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒரு தட்டின் பக்கத்துக்குப் போனால் அது உண்மையில் விற்ற குறைந்த விலை, நடு விலை, அதிக விலை என்று மூன்றும் தெரியும். கடைசியாக எப்போது விற்றது என்றும் தெரியும். ஈபேயிலும் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகப் பார்க்க வழி இருக்கிறது. லாட்டில் உள்ள தட்டுகளுக்கு அந்த நடு விலையை எழுதுங்கள். விற்ற தடயமே இல்லாத தட்டுக்கு நேராகச் சுழியம் போடுங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். 2,40,000 நியாயமா இல்லையா என்று நான் சொல்வதைவிட அந்தத் தாள் தெளிவாகச் சொல்லும்.

அடுத்தது தட்டின் நிலைமை. பணம் போவதும் வருவதும் இங்கேதான். வாங்கி விற்பவர்கள் பெரும்பாலும் கோல்ட்மைன் என்ற அமெரிக்க இதழின் தர வரிசையைத்தான் பின்பற்றுகிறார்கள். தட்டுக்கு ஒரு தரம், உறைக்கு ஒரு தரம் என்று தனித்தனியாகப் போடுவார்கள். கிட்டத்தட்ட புதுசு போல இருப்பது என்.எம். (நியர் மின்ட்). அதன் விலை 2,000 என்றால், அதே தட்டு வி.ஜி. பிளஸ் (வெரி குட் பிளஸ்) நிலையில் பாதி, 1,000. வெறும் வி.ஜி. என்றால் கால்வாசி, 500. ஜி (குட்) என்று போட்டிருந்தால் 200, 300 கிடைப்பதே பெரிது. ஊசி தாண்டாமல் ஓடும், கரகரப்பு நிறைய இருக்கும் என்பதுதான் அந்த எழுத்தின் பொருள். உங்கள் விற்பனையாளர் "எல்லாம் நல்ல கண்டிஷன்" என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த வரியை நம்பி விலை பேச முடியாது.

நம் ஊர்த் தட்டுகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நிறைய எல்.பி.கள் வீடுகளிலிருந்து வருவதில்லை, சவுண்டு சர்வீஸ் கடைகளிலிருந்து வருகின்றன. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மைக் செட்காரர் தேய்ந்த ஊசியோடு நூற்றுக்கணக்கான தடவை ஓட்டிய தட்டுகள் அவை. உறையில் கடையின் ரப்பர் ஸ்டாம்ப், லேபிளில் பேனாவால் எழுதிய எண், நடு ஓட்டையைச் சுற்றிக் கம்பி பட்ட தடம் என்று அடையாளம் தெரியும். கீறல் இல்லாமல்கூட இருக்கலாம். ஆனால் கறுப்புப் பளபளப்பு போய், வெளிச்சத்தில் சாம்பல் பூத்தது போலத் தெரியும். ஊசி பள்ளத்தையே அரித்துவிட்ட தடம் அது. எவ்வளவு கழுவினாலும் போகாது. பூஞ்சை மட்டும்தான் என்றால் டிஸ்டில்டு வாட்டரில் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். லாட்டில் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் ஏதாவது கலந்திருந்தால் அவற்றை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். அவை அரக்கு சேர்த்துச் செய்தவை, ஸ்பிரிட்டில் கரையும்.

அதனால் படம் கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். தட்டைச் சாய்த்து, ஒற்றை பல்பு வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி எடுத்த படம் வேண்டும். லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண் தெரிய வேண்டும். எந்த அச்சு, முதல் பதிப்பா மறுபதிப்பா என்று கண்டுபிடிக்க அதுதான் உதவும். தட்டு ஓடும்போது பக்கவாட்டிலிருந்து எடுத்த சின்ன வீடியோவும் கேளுங்கள். ஊசிக் கை ஏறி ஏறி இறங்கினால் தட்டு வளைந்திருக்கிறது.

"ரொம்பப் பழசு, அதனால் ரொம்ப விலை" என்ற கணக்கும் இதில் செல்லாது. எச்.எம்.வி. லேபிளில் கொல்கத்தாவின் டம்டம் ஆலையிலிருந்து வந்த பக்திப் பாடல் தட்டுகள் ஏராளமாக விற்றவை, இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. எண்பதுகளின் பின்பாதியில் கேசட் சந்தையைப் பிடித்துக்கொண்டது. அப்போது எக்கோ மாதிரி இசை நிறுவனங்களின் லேபிள்களில் வந்த எல்.பி.களைக் குறைவாகவே அச்சிட்டார்கள். இளையராஜா இசைக்காக அவற்றைத் தேடுபவர்கள் இங்கும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். ஐம்பதுகளின் தட்டைவிட இப்படிப்பட்ட ஒன்று அதிக விலைக்குப் போவது இதனால்தான். அந்த மாதிரித் தட்டுகள் லாட்டில் எத்தனை என்று எண்ணுங்கள்.

பாட்டுப் புத்தகங்களுக்கு வருவோம். எனக்கு இவற்றின் மேல் தனிப் பிரியம் உண்டு. பாதிக் கதையைச் சொல்லிவிட்டு "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்து, அப்புறம் பாடல்களை அச்சிட்டு, தியேட்டர் வாசலில் சில அணாவுக்கோ காசுக்கோ விற்றார்கள். படச்சுருளே காணாமல் போன சில பழைய படங்களுக்கு இந்தப் புத்தகம்தான் மிச்சமிருக்கும் சாட்சி. பணமாகப் பார்த்தால் இவற்றை விற்பது தட்டை விற்பதைவிடக் கஷ்டம். டிஸ்காக்ஸ் போல விற்ற விலையைப் பார்க்கத் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்துக்கு இடம் இல்லை. வாங்குபவர்கள் சொற்பம். நிறைய நகல்களும் சுற்றுகின்றன. பழைய தாள் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுத்துக்கொண்டே போகும், நடுப்பக்கம் சற்று வெளுப்பாக இருக்கும். பக்கம் முழுக்க ஒரே சீரான பழுப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். நடுவில் குத்திய கம்பி துருவேறி, அந்தத் துரு தாளிலும் இறங்கியிருக்க வேண்டும். நடிகர் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பழைய அச்சில் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். ஸ்கேன் செய்து பிரிண்ட் போட்டதில் எழுத்தின் விளிம்பே கலங்கிப்போயிருக்கும். அசலை நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்க, சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே பாட்டுப் புத்தகச் சேகரிப்பே உண்டு. லீவில் ஒருநாள் போய்வாருங்கள்.

புத்தகங்களை வெளிநாட்டுக்கு விற்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள ஆவணங்கள் 75 வருடத்தைத் தாண்டினால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். அப்படி வந்தால் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. நாற்பதுகளின் புத்தகத்தை விசாரிக்காமல் பார்சல் கட்டாதீர்கள். வெளிநாட்டிலிருந்து தட்டு வாங்கினால் சுங்க வரி, இறக்குமதிக்கான ஜிஎஸ்டி (ஐஜிஎஸ்டி), கார்டு நிறுவனத்தின் அந்நியச் செலாவணிக் கட்டணம் எல்லாம் விலையோடு சேரும்.

யூடியூப் யோசனையை விட்டுவிடுங்கள். தட்டு உங்களுடையது, பாட்டின் உரிமை உங்களுடையது ஆகாது. நம் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 60 வருடம் காப்புரிமை. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் அவர்கள் மறைவுக்குப் பிறகும் 60 வருடம் உண்டு. வருமான வரியைப் பொறுத்தவரை, சொந்தமாகக் கேட்க வைத்திருந்த தட்டை எப்போதாவது விற்றால் பொதுவாக மூலதன ஆதாய வரிப் பேச்சு வராது. வாங்கி விற்பதையே வழக்கமாக்கினால் அது வியாபார வருமானம், கணக்கில் காட்ட வேண்டும்.

இனி எவ்வளவு செலவழிக்கலாம்? ஆறு மாத வீட்டுச் செலவுக்குப் பணம் தனியாக இருக்கிறது, மகளின் எஃப்.டி. அப்படியே இருக்கிறது, கடன் தவணை ஒழுங்காகப் போகிறது என்றால், சம்பளத்திலிருந்து மாதம் 2,000 ரூபாய் இதற்கென்று ஒதுக்குங்கள். வருடத்துக்கு 24,000. நிதானமாகத் தேடினால் அந்தப் பணத்தில் நல்ல நிலையில் இருக்கும் தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கலாம். திரும்பக் கேட்கத் தோன்றும் தட்டாக வாங்குங்கள். விலை ஏறாவிட்டாலும் அந்தப் பணம் வீணாகாது.

இந்த விற்பனையாளரிடம் லாட்டைப் பிரித்து, உங்களுக்குப் பிடித்த பத்துத் தட்டுகளை மட்டும் தருவாரா என்று கேளுங்கள். முடிந்தால் நேரில் போய் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். தொலைவில் இருந்தால், வாங்குபவருக்குப் பாதுகாப்பு தரும் தளத்தின் வழியாகப் பணம் கட்டுங்கள். "இன்னொருவர் கேட்கிறார், இன்றைக்கே யுபிஐயில் முன்பணம் போடுங்கள்" என்று அவசரப்படுத்தினால் போடாதீர்கள். ஒருவேளை போட்டு ஏமாந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பிரித்துத் தர அவர் சம்மதிக்கவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த விற்பனையாளரைத் தேடுங்கள். வீடு காலி செய்பவர்களும் கடையை மூடுபவர்களும் இருக்கும்வரை தட்டுகள் விற்பனைக்கு வந்துகொண்டேதான் இருக்கும்.