ஃபினாயில் அபிஷேகம்

கேள்வி: மாடி போர்ஷனுக்கு வந்திருக்கும் ஐ.டி. தம்பதி 'ஒரே ஒரு பூனைதான்' என்கிறார்கள். விடலாமா? அவர்கள் காலி செய்தபின் ஃபினாயில் ஊற்றிக் கழுவினால் வாடை போய்விடும் என்கிறார் என் கணவர். பூனைக்காகக் கூடுதல் அட்வான்ஸ் கேட்கலாமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பூனை இருக்கட்டும், உங்கள் கணவரைக் கவனிப்போம். இந்தப் பக்கத்தில் ஃபினாயிலைத் திட்டும்போதெல்லாம் 'எங்கள் பாட்டி காலத்திலிருந்து ஊற்றுகிறோம்' என்று கடிதம் வரும். பாட்டி ஊற்றியது மாட்டுக் கொட்டகையில், அம்மா!

பூனை மூத்திரத்தில் இருக்கும் யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. டைல்ஸ் இடுக்கில் படிகமாக உட்கார்ந்துகொள்ளும். ஃபினாயில் அதன் தலைமேல் இன்னொரு வாடையைப் பூசும், அவ்வளவுதான். ஜூன் மழையில் காற்று ஈரமானதும் பழைய வாடை எழுந்து வந்து வாசலில் நிற்கும். பூனை உள்ளே இருக்கும்போதே ஊற்றினால் இன்னும் மோசம். கறுப்பு ஃபினாயிலில் ஃபீனால் வகைகள், வெள்ளையில் பைன் எண்ணெய். இவற்றை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. தரையில் நடந்த பாதத்தை அது நக்கும், பிறகு டாக்டரிடம் ஓட வேண்டும். பிளீச்சிங் பவுடர் என்று ஆரம்பிக்காதீர்கள். மூத்திரத்து அமோனியாவோடு சேர்ந்தால் கண்ணெரியும் விஷவாயு.

பெட் ஷாப்பில் மூத்திரக் கறையைச் சிதைக்கும் என்சைம் கிளீனர் கிடைக்கும். ஈரத்தைப் பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கறையைவிட ஒரு சாண் அகலமாக நனைத்து, காயாமல் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, லேபிளில் சொன்ன நேரம் விடவேண்டும். முன்னாலேயே ஃபினாயில் ஊற்றியிருந்தால் என்சைம் சரியாக வேலை செய்யாமல் போகலாம். கணவரிடம் இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள்.

விடலாம். ஆனால் 'ஒரே ஒரு பூனை'யை எழுத்தில் வாங்குங்கள். ஓராண்டைத் தாண்டினால் பத்திரப் பதிவு வேண்டும் என்பதால் நாம் 11 மாத அக்ரிமென்ட் போடுகிறோம். பூனையின் கர்ப்பம் சுமார் 65 நாள். கருத்தடை செய்யாத பெட்டைக்கு உங்கள் 11 மாதம் தாராளம்; ரின்யூவலுக்கு வரும்போது மாடியில் ஒரு கூட்டுக் குடும்பம் இருக்கும். ஆகவே கருத்தடைச் சான்றிதழ், வருடாந்திர ரேபிஸ் ஊசிச் சீட்டு இரண்டின் நகலும் அக்ரிமென்டோடு இருக்கட்டும். கடுவனானாலும் கருத்தடை வேண்டும், இல்லையென்றால் சுவரெல்லாம் பீய்ச்சும்.

முக்கியமான ஷரத்து ஒன்று: பூனை மலஜலம் கழிக்கத் தட்டில் போடும் மணலை கமோடில் கொட்டக்கூடாது. பெரும்பாலும் பென்டோனைட் என்னும் களிமண் அது, தண்ணீர் பட்டால் உப்பிக் கெட்டியாகும். மாடியில் கொட்டினால் அடைப்பு உங்கள் கீழ்வீட்டு பாத்ரூமில் தெரியும். ஜன்னல் ஃபைபர் கொசுவலையைப் பூனை ஒரே வாரத்தில் கிழிக்கும். ஸ்டீல் வலை போடுங்கள், பாதிச் செலவை அவர்களிடம் கேளுங்கள். குடிவரும் அன்று கதவுகளின் கீழ்ப்பாதியை இரு தரப்பும் சேர்ந்து வீடியோ எடுங்கள். பழைய கீறலுக்குப் புதிய பூனை பழி சுமக்கவேண்டாம்.

கூடுதல் அட்வான்ஸா? பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டுப் பழகிய ஊரில் பூனைக்குத் தனியாகவா? காலி செய்யும்போது பெயின்ட் என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கத்தானே போகிறீர்கள். பூனை கீறியதும் அதில் அடக்கம்.